நாலாம் ராசாவின் காணிக்கை

ஒன்றுமே தெரியாத ஆளால் உலகத்துக்குப் பெரிய தீங்கு வந்துவிடாது. முழுவதும் தெரிந்தவராலும் வராது. ஒரு விஷயத்தை முக்கால்வாசி உற்சாகமாகப் படித்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மூடி வைத்துவிட்டு, கையில் கோப்பையோடு வயலுக்குள் இறங்குகிற ஒரு இனம் இருக்கிறது. அதனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அந்த இனத்தில் நானும் ஒருத்தி. ஆதாரம் வேண்டுமென்றால் குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, "நாலாம் ராசா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். நாய்கூட வழி காட்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். என்னோடு படித்த பிள்ளைகள் அந்த இடைவெளியில் தையல் பழகினார்கள், ஆங்கில வகுப்புக்குப் போனார்கள். நான் சிலந்தி பார்த்தேன்.

எல்லாச் சிலந்தியையும் அல்ல. மூலையில் வலையைக் கட்டிவிட்டு, விழுகிறது விழட்டும் என்று குந்திக்கொண்டிருக்கும் சிலந்திகளில் எனக்கு மரியாதை கிடையாது. என் மனத்தைப் பறித்தது ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். இவை வலை கட்டுவதில்லை. தரையில் ஓடித் துரத்திப் பாய்ந்து பிடிக்கும். முகத்தில் எட்டுக் கண்கள்: கீழே வரிசையாக நாலு சின்னக் கண், அதற்கு மேலே நேரே பார்க்கிற இரண்டு பெரிய கண், உச்சியில் இன்னும் இரண்டு. இருட்டுப்படுகிற நேரத்தில் ரோச் லைற்றை நெற்றியோடு பிடித்துப் புல்லைப் பார்த்தால், அந்தப் பெரிய கண்கள் பச்சை மணியாக மின்னும். ஆளைப் பிறகுதான் காண்பீர்கள்.

அதிலும் தாய்தான் விசேஷம். முட்டைகளைப் பட்டு நூலால் பொதிந்து உருண்டையாக்கி, அதைத் தன் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டே வேட்டைக்குப் போவாள். யாராவது பறித்தால் பைத்தியம் பிடித்தது போலத் தேடித் திரிவாள். குஞ்சுகளுக்கு அந்த உருண்டையைக் கிழிக்கத் தெரியாது. அவளே கடித்துத் திறந்துவிடுவாள். திறந்ததும் அவ்வளவு பேரும் அவளுடைய காலைப் பிடித்து ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்கார்ந்துகொள்வார்கள். நூறு பிள்ளைகளைச் சுமந்தபடி அவள் ஓடுவாள். (எங்கள் வீட்டில் இரண்டே பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவள் நான். எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் பட்டது.)

இவ்வளவையும் கைபேசியில் ஒரு காணொளியில் பார்த்தேன். "குஞ்சுகள் ஒரு கிழமை அளவில் தாயின் முதுகில் இருக்கும். அதன் பிறகு..." என்று அதில் பேசியவர் தொடங்கியபோது டேட்டா முடிந்துவிட்டது. அதன் பிறகு என்ன, வளர்ந்து தங்கள் பாட்டுக்குப் போயிருக்கும் என்று நானே முடித்துவைத்தேன். நான் பார்க்காமல் விட்ட அந்த "அதன் பிறகு"தான் ஒருநாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கையில், தேவாலயத்துப் பங்குச் சுவாமியின் முன்னிலையில், மிச்சம் வைக்காமல் நடந்து முடிந்தது.

எங்கள் பங்கில் நத்தார் என்றால், யேசு பிறந்த தொழுவத்தைச் சோடித்து வைக்கிற பாலன் குடில் போட்டி. ஒழுங்கைக்கு ஒரு குடில். ஐஸ் கொம்பனி ஒழுங்கைதான் எங்கள் பரம வைரி. அவர்களிடம் சுற்றுகிற நட்சத்திரம் இருந்தது. தானாகத் தலையாட்டும் மாடு இருந்தது. எங்களிடம் என் அண்ணை றொபின் இருந்தார்.

அண்ணைக்குத் தொழில் கடல். திருக்கையை வெறுங்கையால் தூக்கி வள்ளத்துக்குள் எறிகிற மனுசன். ஆனால் குளிக்கிற இடத்தில் ஒரு சிலந்தியைக் கண்டால் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிடுவார். புலிமுகச் சிலந்தி கடித்து யாரோ ஆஸ்பத்திரிக்குப் போனதாகப் பேப்பரில் வாசித்த நாளிலிருந்து அவருக்கு எட்டுக்கால் உள்ள எல்லாமே புலிமுகம்தான். (நண்டுக்கு அதைவிடக் கால் கூடத்தானே என்று ஒருமுறை கேட்டேன். "அது சாப்பிடுற சாமான்" என்றார்.)

அந்த வருடம் ஐஸ் கொம்பனி ஒழுங்கையை விழுத்துவதற்கு அண்ணை ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தார். எங்கள் குடிலில் சின்னம்மாவின் பாலன் சுரூபத்தைப் படுக்கவைத்து வளர்த்துவது.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை, திரேசம்மா. கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருப்பவர். அவரிடம் ஒரு முழ நீளத்தில் மரத்தில் செதுக்கிய பாலன் யேசு இருந்தது. கண்ணாடிக் கண். ஆசீர்வதிக்கிற மாதிரி உயர்ந்த ஒரு கை. அந்தக் கையின் விரல்களில் நகம்கூடச் செதுக்கியிருக்கும். சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் எல்லோரும் நகையையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஓட, சின்னம்மா பாலனைச் சேலைத் துண்டால் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவர். வழியில் யாரோ கைக்குழந்தை என்று நினைத்துப் பால்மா கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டாராம். திரும்பி வந்த பிறகு அந்தச் சுரூபம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை.

"தரமாட்டன்" என்றார் சின்னம்மா.

"எங்கடை ஒழுங்கையின்ரை மானம், சின்னம்மா" என்றார் அண்ணை.

"உங்கடை மானத்துக்கு என்ரை பாலன் ஏன்ரா றோட்டிலை கிடக்கோணும்? போன வருசம் அந்தப் பிளாஸ்ரிக் பாலன்ரை மூக்கிலை ரண்டு இலையான், வாயிலை ஒண்டு. சூசையப்பற்றை தாடியிலை சிலந்தி வலை. சுவாமி லேஞ்சியாலை வாயைப் பொத்திக்கொண்டு போனவர், எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?"

அது உண்மைதான். எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையில் மீன் சந்தை, மறுமுனையில் கருவாடு காயும் வெளி. ஈக்களுக்கு, எங்கள் பேச்சில் இலையான்களுக்கு, இது நெடுஞ்சாலை.

அந்த இடத்தில்தான் நான் எழும்பினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. (யாரும் கூப்பிடாத இடத்தில் எழும்புவது அந்த வயதில் எனக்கு ஒரு நோய்.)

"சின்னம்மா, இந்த முறை ஒரு இலையானும் வராது. ஒரு வலையும் வராது. நான் பொறுப்பு."

"நீ என்ன, சந்தியிலை நிண்டு இலையானை மறிக்கப் போறியோ?"

"விஞ்ஞானம், சின்னம்மா."

சின்னம்மா அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பாலனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கேள் நிரோ. இவரிலை ஒரு நூல் பட்டுதெண்டாலும், பிறகு இந்த வீட்டிலை ஒருத்தரும் உன்ரை பேர் சொல்லிக் கூப்பிடமாட்டினம்."

நான் சிரித்தேன். நிரோ என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

என் விஞ்ஞானம் என்னவென்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். இலையானைத் தின்ன ஆள் வேண்டும். அந்த ஆள் வலை கட்டக்கூடாது. அப்படி ஒரு ஆளைத்தானே நான் மாதக்கணக்காகக் காதலித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னை நினைத்துப் புல்லரித்தது.

சந்தர்ப்பமும் தானாக வந்தது. குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று தட்டுகளில் குரக்கன் விதைத்திருந்தோம். மாரி மழையில் அது ஊறி அழுகி மணத்தது. "மண்ணோடை புல்லுத் தறை வெட்டிக்கொண்டு வந்து பரப்புவம். தெல்லிப்பழையிலை வாணி வீட்டுத் தோட்டம் இருக்கு" என்றேன். வாணி என்னோடு படித்தவள், வெங்காயம் செய்கிற குடும்பம். அண்ணை என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. இழுவைப் பெட்டியோடு லான்ட்மாஸ்ரர் ஒன்றும் இரண்டு பெடியளும் ஏற்பாடு செய்து தந்தார்.

பெடியள் புல்லு வெட்ட, மைமல் பொழுதில் நானும் வாணியும் வரம்பு வழியே ரோச் அடித்துக்கொண்டு போனோம். பச்சைக் கண்கள் புல்லெங்கும் மின்னின. ஒன்றோடொன்று விட்டால் கடித்துத் தின்னும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனித் தயிர்க் கோப்பையில் பிடித்தேன். பெரியவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். பெரிய ஆள் கூடத் தின்னும் என்பது என் கணக்கு. பெரியவை எல்லாம் தாய்மார். அநேகமாக ஒவ்வொருத்தியின் பின்னாலும் ஒரு வெள்ளை உருண்டை. குடிலுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று நான் உருகிப்போனேன்.

வாணி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "எடியேய், உங்கடை பாலனுக்கு மூண்டு ராசாக்கள் பொன்னும் தூபமும் கொண்டு வந்ததாத்தானே சொல்லுறவை. நீ என்னடி உதுகளைக் கொண்டு போறாய்?"

"காவலுக்கு."

"விசர்" என்றாள் வாணி. அவள் விவசாயம் படிக்கப் போனாள். சரியான தெரிவு.

அண்ணையிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நேரே கடலுக்குப் போய்த் தை மாதம்தான் திரும்பியிருப்பார்.

குடில் அழகாக வந்தது. இப்போதும் அதை மறுக்கமாட்டேன். மீன்பெட்டிகளை அடுக்கி மேடை, மேலே கிடுகுக் கூரை, தரையெல்லாம் உயிரோடு பச்சைப் புல். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கோப்பைகளை அதற்குள் திறந்துவிட்டேன். மேடையைச் சுற்றித் தகரத்தில் தண்ணீர் விட்டு யோர்தான் நதி என்றேன். எல்லோரும் பாராட்டினார்கள். உண்மையில் அது சிலந்திகள் தாண்டாமல் இருக்க நான் வெட்டிய அகழி. (ஓநாய்ச் சிலந்திகள் பல தண்ணீருக்கு மேலேயே ஓடும் என்று பிறகு வாசித்தேன். வேதாகமம் படித்த நான் அதையாவது யோசித்திருக்கலாம்.) கூரைக்கு மேலே மூங்கில் தடியில் நட்சத்திரம். அதற்குக் கீழே பஞ்சுச் செட்டையோடு மூன்று வானதூதர்கள். அவர்களின் செட்டை அசைய வேண்டுமென்று பின்னால் ஒரு மின்விசிறியை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்தேன். அதுவும் என் யோசனைதான்.

நத்தாரன்று சின்னம்மா தன் கையாலேயே பாலனை வைக்கோலில் வளர்த்தினார். முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க இருந்தார். ஒரு இலையான் வரவில்லை.

"என்னடி செய்தனி?" என்றார் ஆச்சரியமாக.

"சொன்னனான்தானே" என்றேன், விஞ்ஞானி முகத்தோடு.

(அந்தக் கிழமை முழுக்கக் கடல் கொந்தளிப்பு. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. மீன் இல்லை, கருவாடு காயவில்லை, ஆகவே இலையானும் இல்லை. என் சிலந்திகள் புல்லுக்குள் வெட்டுக்கிளியும் சின்னப் பூச்சியும் தின்றுகொண்டு சுகமாக இருந்தன. இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததே பிறகுதான்.)

நத்தார் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடுவர்கள் வருகிற நாள். காலையில் குனிந்து பார்த்தேன். ஆட்டிடையனின் காலடியில் ஒரு தாய், முதுகு நிறையக் குஞ்சுகளோடு. ஒட்டகத்தின் நிழலில் இன்னொருத்தி. அவளுடைய முதுகு பாதி வெறுமையாக இருந்தது. மிச்சப் பிள்ளைகள் எங்கே என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம்தான். அதற்குள் அம்மா பாண் வாங்கிவரக் கூப்பிட்டார்.

மழை விட்டு நல்ல வெயில். இளங்காற்று. சரியாகச் சொன்னால், பறப்பதற்கு ஏற்ற நாள்.

நாலு மணியளவில் சுவாமியும், தீர்ப்புச் சொல்ல அவர் கூட்டி வந்த கன்னியர்மடத்துச் சிஸ்ரரும் ஒழுங்கைக்குள் வந்தார்கள். முழு ஒழுங்கையும் திரண்டு நின்றது. ஐஸ் கொம்பனி ஒழுங்கையிலிருந்தும் உளவு பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அண்ணை இஸ்திரி போட்ட சேட்டில் நின்றார். சின்னம்மா தன் கதிரையில்.

சுவாமி குடிலின் முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார்.

நட்சத்திரத்திலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து வானதூதர்களின் செட்டைக்கு, அங்கிருந்து மாதாவின் முக்காட்டுக்கு நூல் ஓடியது. நூறு நூறாக. மெல்லிய வெள்ளி நூல்கள். சாய்ந்த வெயில் பட்டு அவ்வளவும் மினுங்கியது. மின்விசிறிக் காற்றில் முழுக் குடிலும் மூச்சு விடுவது போல அசைந்தது. கூட்டத்தில் இரண்டொருவர் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

"அருமை" என்றார் சிஸ்ரர். "இது என்ன நூல், பட்டோ?"

அண்ணைக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்கிற நிலைமையிலும் அவர் இல்லை. "ஓம் சிஸ்ரர். பட்டுத்தான். பெடியள் கஸ்ரப்பட்டுக் கட்டினவங்கள்."

"எங்கை வாங்கினீங்கள்?"

"கொழும்பிலை இருந்து எடுப்பிச்சது."

(நெய்தவர்கள் அந்த நேரம் அவருடைய பிடரிக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள்.)

என் வாழ்க்கையில் அவ்வளவு அதிர்ச்சியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வலை கட்டாத சிலந்திக்கு நூலே கிடையாது என்று எனக்கு யார் சொன்னது? முட்டை உருண்டையே நூல்தானே. அந்த "அதன் பிறகு" என்னவென்று அப்போதுதான் கண்முன்னால் ஓடியது. தாயை விட்டுப் பிரிகிற நாளில் குஞ்சுகள் கிடைக்கிற ஆக உயரமான இடத்துக்கு ஏறும். அங்கே நின்று பின்பக்கத்தைத் தூக்கி நூலைக் காற்றில் விடும். காற்று நூலைத் தூக்க, நூல் குஞ்சைத் தூக்க, தங்கள் பாட்டில் பறந்து போகும். எங்கள் குடிலில் ஆக உயரமான இடம் நட்சத்திரம். காற்றுக்கு நான் மின்விசிறி வைத்திருந்தேன். அது நடுவர்களைப் பார்த்தபடி இருந்தது.

சிஸ்ரர் இன்னும் கிட்டப் போய்க் குனிந்தார். ஒரு நூல் மிதந்து வந்து அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது. சிஸ்ரர் கண்ணை ஒன்றாக்கிப் பார்த்தார். பிறகு, மிகவும் நிதானமாக, சுவாமியிடம் சொன்னார்.

"சுவாமி, இந்தப் பட்டு நடக்குது."

சுவாமி அவரைப் பார்த்தார். சிஸ்ரரின் வெள்ளை முக்காடு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குஞ்சுகள். அந்த நேரம் பார்த்து, பாலனின் தலைப்பக்கத்து வைக்கோலை விலக்கிக்கொண்டு, உள்ளங்கையில் பாதி அளவு இருந்த ஒரு தாய்ச் சிலந்தி, முதுகு நிறையப் பிள்ளைகளோடு வெளியே வந்தாள். பாலனின் தோளில் ஏறினாள். நெஞ்சுக்கு வந்து நின்றாள்.

அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓங்கினார்.

அந்தக் காட்சியை எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் ஆட்கள் நடித்துக் காட்டுவார்கள். வைக்கோலில் பாலன் யேசு ஒரு கையை உயர்த்தி எல்லோரையும் ஆசீர்வதிக்கிறார். அவருக்கு மேலே எங்கள் அண்ணை ஒரு கையை உயர்த்தி, அதில் செருப்போடு. இரண்டு பேரும் அசையவில்லை.

"றொபின்" என்றார் சுவாமி மெதுவாக. "அதைக் கீழை போடும்."

"சுவாமி, புலிமுகம்."

"அது ஆராயிருந்தாலும் பரவாயில்லை. செருப்பைக் கீழை போடும்."

அண்ணையின் கை இறங்கவில்லை. பயத்தில் விறைத்துப்போயிருந்தது. செருப்பு விழுந்தால் சிலந்தி சாகும். சிலந்திக்குக் கீழே இருப்பது, இடுப்பில் கட்டிச் சுமந்து இத்தனை தூரம் கொண்டுவந்த சின்னம்மாவின் பாலன். உயர்ந்திருக்கிற அந்தச் சின்ன விரல்கள் ஒரு அடி தாங்காது.

சின்னம்மா எப்போது எழும்பினார் என்று யாருக்கும் தெரியாது. முழங்கால் நோவென்று பூசைக்கே அரைவழியில் நின்று நின்று போகிறவர், யோர்தான் நதியை ஒரே எட்டில் கடந்தார். அண்ணையின் கைக்குக் கீழாகக் குனிந்து பாலனை இரண்டு கையாலும் அள்ளினார். பாலன், பாலனின் நெஞ்சில் சிலந்தி, சிலந்தியின் முதுகில் பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்துக்கொண்டு ஒழுங்கையில் ஓடத் தொடங்கினார்.

பின்னால் நான். எனக்குப் பின்னால் ஒரு காலில் செருப்போடு அண்ணை. "புலிமுகமாம்" என்ற சொல் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. சந்தை முனையை அடைந்தபோது அது நண்டளவாக வளர்ந்திருந்தது. மறுமுனையில் ஒருவர், செத்த வீடு எங்கே என்று கேட்டதாகவும் கதை.

சின்னம்மாவை எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பிடித்தேன். பாலனைத் துவைக்கிற கல்லில் கிடத்தியிருந்தார். தாய் இன்னும் பாலனின் நெஞ்சில்தான். குலுக்கலில் பாதிப் பிள்ளைகள் சிதறிச் சின்னம்மாவின் கையிலும் சேலையிலும் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் தட்டவில்லை. கையை அசைக்காமல், மூச்சுக்கூடப் படாமல் வைத்திருந்தார்.

"உது கடிக்குமோ?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"இல்லைச் சின்னம்மா. கடிச்சாலும் எறும்பு கடிச்ச மாதிரித்தான்."

"ஏன் ஓடாமல் நிக்குது?"

"பிள்ளையள் விழுந்திட்டுது. ஏறுமட்டும் நிக்கும்."

சின்னம்மா கையை மெல்லத் தாழ்த்திக் கல்லோடு சேர்த்து வைத்தார், பாலம் போல. குஞ்சுகள் அவருடைய விரல் வழியே இறங்கின. கல்லில் ஓடி, பாலனின் உயர்ந்த கையைப் பிடித்து ஏறி, தாயின் காலைத் தேடிப் பிடித்தன.

"எத்தினை இருக்கும்?"

"நூறளவிலை."

"தேப்பன்காரன்?"

"இவள் முட்டை போட முதலே அவர் போயிடுவார், சின்னம்மா."

"ம்" என்றார். பிறகு, "எங்கையிருந்து பிடிச்சனி?" என்றார்.

"தெல்லிப்பழையிலை."

அப்போதுதான் அண்ணை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மற்றச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். சின்னம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஊரைவிட்டுப் பிள்ளையளையும் சுமந்துகொண்டு வந்து நிக்கிறாள். அவளுக்குச் செருப்போடா?"

அண்ணை போட்டிருந்த செருப்பிலேயே நின்றார்.

கடைசிக் குஞ்சு ஏறும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தக் கல்லைச் சுற்றி நின்றோம். பிறகு சின்னம்மா ஒரு குரோட்டன் இலையைப் பிடுங்கி நீட்டினார். தாய் அதில் ஏறி, இலை வழியே செடிக்குள் போய் மறைந்தாள். நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன். சின்னம்மா பாலனை எடுத்துப் பார்த்தார். ஆசீர்வதிக்கிற விரலிலிருந்து எதையோ நகத்தால் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினார்.

"உது என்ன?"

"நூல், சின்னம்மா."

"ம்."

பாலனைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அலுமாரி பூட்டப்படும் சத்தம் கேட்டது.

போட்டியில் ஐஸ் கொம்பனி ஒழுங்கை முதலாவது. எங்களுக்கு இடம் ஒன்றும் இல்லை. குடிலில் பாலனே இல்லாததால் தீர்ப்புச் சொல்ல வழியில்லை என்று சுவாமி விளக்கினார். (கொழும்புப் பட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணையின் தோளைத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். அது இன்னும் கேவலமாக இருந்தது என்பார் அண்ணை.) மிச்ச நாட்களுக்கு யாரோ பிள்ளையின் கண் சிமிட்டும் பொம்மை ஒன்றை வைக்கோலில் வளர்த்தினோம். அடுத்த வருடம் போட்டிக்குப் புதிதாக ஒரு விதி வந்தது: குடிலில் உயிருள்ள எதுவும் கூடாது. சுவாமி எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் வாய்மொழியாக இன்னொன்றும் சேர்த்தார்: செருப்பும் கூடாது. இன்றுவரை அண்ணை எந்தக் குடிலுக்குக் கிட்டப் போனாலும் வெறுங்காலோடுதான் போவார்.

சின்னம்மா என்னோடு கதைக்கவில்லை. சோறு போடுவார், தேத்தண்ணி வைப்பார், பெயர் சொல்லமாட்டார். மூவிராசாக்கள் திருநாள் வந்தது. வீட்டுக் குடிலில் மூன்று ராசாக்களையும் வைக்கிற வழக்கம். சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்தோம். சின்னம்மா சுரூபங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

"இவர் பொன் கொண்டு வந்தவர். இவர் தூபம். இவர் வெள்ளைப்போளம்." பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நாலாம் ராசா, அந்தத் தண்ணிச் செம்பை இஞ்சாலை கொண்டு வாரும்" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு அண்ணைக்குப் புரையேறியது. அம்மா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது?

அன்றோடு என் பெயர் போனது. பெறுபேறு வந்தபோது "நாலாம் ராசா பாஸ்" என்றுதான் ஒழுங்கையில் செய்தி பரவியது. இப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன். சிலந்திகளைப் பற்றிக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மாமா அழைத்தால், "ராசா நிக்கிறாவோ?" என்றுதான் கேட்பார். சின்னம்மா மட்டும் சொன்ன வாக்கைச் சிரிக்காமல் காப்பாற்றி வருகிறார்.

பாலன் இப்போது வீட்டுக் குடிலில் மட்டும்தான். இந்த நத்தாருக்கும் சின்னம்மாவே வைத்தார். இப்போதெல்லாம் வளர்த்துவதற்கு முன் அவருக்கு ஒரு பழக்கம்: ரோச் லைற்றை நெற்றியோடு பிடித்து, வைக்கோலை விலக்கி, மாட்டின் கால், ஒட்டகத்தின் வயிறு என்று எல்லா இடமும் பார்ப்பார். பூச்சி இருக்கக்கூடாதென்று பார்க்கிறார் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இந்த முறை கடல் அமைதி. சந்தை நிறைய மீன். சின்னம்மா ரோச்சை அணைத்தார்.

"ஒருத்தியையும் காணேல்லை" என்றார்.

"நான் கொண்டுவரேல்லைச் சின்னம்மா. சத்தியமாய்."

பாலனின் மூக்கில் இருந்த இலையானைச் சேலைத் தலைப்பால் கலைத்துவிட்டு, அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னை உதை ஆர் பிடிக்கிறது, ராசா?"